திரைக்கு முதுகு காட்டிய டிராக்டர்கள்

காலை ஏழேகாலுக்குச் சிங்காநல்லூரில் காரை எடுத்தேன். ஆனைமலைச் சாலையில் உள்ள பழைய திறந்தவெளித் தியேட்டரின் திரைச்சுவரை அடுத்த வாரம் இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இடிப்பதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் சொன்னது சாக்கு. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் அங்கே ஒரு பெண் ஏன் பாதிப் படத்தில் போனாள் என்று தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினேன். என் மனைவி விஜயாவுக்குச் சாக்கும் தெரியும், காரணமும் தெரியும். கல்யாணமான புதிதில் நானே உளறியதுதான். "நானும் வாரனுங்க. உங்களத் தனியா உட்டா செவுத்தப் பார்த்துட்டுத் திரும்பீருவீங்க" என்று முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

எட்டே முக்காலுக்குப் பொள்ளாச்சி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆளுக்கு ஒரு பொங்கல், ஐம்பத்தைந்து ரூபாய். மிளகு மட்டும் தாராளம். அங்கிருந்து ஆனைமலைப் பக்கம் ஏழு கிலோமீட்டர் போய் இடப்புறம் மண்பாதையில் திரும்பினால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே நாலு ஏக்கர் வெறும் களம். அதன் கோடியில் கொப்பரை சேமிக்கும் கிட்டங்கியின் பின்சுவர் நிற்கிறது. அதில் வெள்ளையடித்ததுதான் திரை.

இதைத் தொடங்கியவர் ஒரு கொப்பரை வியாபாரி. ஏதோ பெருநகரத்தில் காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் தியேட்டரைக் கண்டுவிட்டு வந்தவருக்கு ஆசை விடவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் கார் ஏது? டிராக்டர்தான் வந்தது. முதல் நாள் எல்லா டிராக்டரும் திரையைப் பார்த்து நின்றன. பின்னால் டிரெய்லரில் இருந்தவர்களுக்கு டிரைவரின் தலையும் புகைக்குழாயும்தான் தெரிந்தன. மறுநாளே எல்லா வண்டிகளையும் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன்பின் வண்டிகள் திரைக்கு முதுகு காட்ட, டிரெய்லரில் பாய் விரித்து ஜனங்கள் சாவகாசமாகப் படம் பார்த்தார்கள். தென்னை மரங்களில் ஒலிபெருக்கி. வண்டிக்கு ஒரு டிக்கெட், எத்தனை பேர் ஏறினாலும் கேள்வியில்லை.

போகப்போக இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. பெண் பார்க்க வீட்டுக்கு வந்து வேண்டாம் என்றால் பெண்ணுக்குப் பேச்சு வரும். ஆகவே இரண்டு குடும்பங்களும் தற்செயலாக வந்ததுபோல டிராக்டர்களை அடுத்தடுத்து நிறுத்தும். பெண் வீட்டாருக்குச் சம்மதமென்றால் இடைவேளையில் ஒரு தூக்குப்போசி நிறைய ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி, வரும். அதுவும் நேரே வராது, தியேட்டர் கேன்டீன் நடத்திய அம்மா கையால்தான் வரும். சம்மதமில்லையென்றால் இடைவேளையோடு கிளம்பிவிடுவார்கள். யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு.

அப்போது எங்கள் குடும்பம் நெகமம் பக்கம் இருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. பக்கத்து டிரெய்லரில் அவள் மாம்பழ நிறச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒருமுறை என் பக்கம் திரும்பி, "மறைக்குதுங்களா?" என்று கேட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். என்னிடம் அவள் பேசியது அவ்வளவுதான். மறைத்தது உண்மை, இல்லை என்று தலையாட்டினேன். இடைவேளை விட்டதும் அவர்கள் டிராக்டர் கிளம்பிப் போயிற்று. அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். "செரி, நாமளும் போலாம்" என்றார். பிறகும் யாரும் விசாரிக்கவில்லை.

ஒன்பதரை மணிக்குக் களத்தின் வாசலில் இருந்த டீக்கடையில் காரை நிறுத்தினேன். டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரி மயிலாத்தாள்தான் அன்றைய கேன்டீன் அம்மா. எழுபத்தைந்து வயதிருக்கும். நான் சுவரைப் பற்றியும் களத்தின் விலையைப் பற்றியும் சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டிருக்க, விஜயா பொறுமையிழந்து குறுக்கே புகுந்தாள். இன்ன ஊர்க்காரர், இன்ன மாதம், மாம்பழச் சேலை என்று எல்லா அடையாளமும் சொல்லி, அந்தப் பெண் வீட்டார் ஏன் பாதியில் போனார்கள் என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

மயிலாத்தாள் டீ ஆற்றுவதை நிறுத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நெகமத்துப் பையன் நீங்கதானுங்களா?"

அன்று நடந்ததை அவர் மெல்லச் சொன்னார். இடைவேளைக்குச் சற்று முன் பெண் வீட்டாரின் தோட்டத்து ஆள் மொபெட்டில் வந்து, வாய்க்காலில் தண்ணீர் முறை முன்கூட்டியே வந்துவிட்டது என்றான். முறை தவறினால் அந்தப் போகமே போச்சு. அவசரத்தில் பெண்ணின் அம்மா கேன்டீனுக்கு ஓடிவந்து, பக்கத்து வண்டியில் கொடுத்துவிடுங்கள் என்று தூக்குப்போசியை வைத்துவிட்டுப் போனார்.

"கூட்டம் அம்முதுங்க. போண்டாச் சட்டிய எறக்கிட்டுக் குடுக்கலாம்னு இருந்துபோட்டேன். எடுத்துட்டு வந்து பார்த்தா உங்க வண்டி நின்ன எடம் காலியா இருந்துச்சு. என் தப்புதானுங்க சாமி."

விஜயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் யாருக்கும் அப்படித்தான் ஆகும் என்றாள்.

அத்தோடு முடிந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்தக் குடும்பத்தார் அடுத்த மூன்று சனிக்கிழமையும் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, பக்கத்து இடத்தை விட்டுவைக்கச் சொன்னார்களாம். போசி எங்கள் கைக்கு வரவில்லை என்று தெரிந்த பிறகும் ஆள் அனுப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டைக் கூப்பிட்டனுப்புவது முறையா என்று யோசித்திருப்பார்கள். நாலாவது வாரத்திலிருந்து வரவில்லை. அவள் இப்போது எங்கே என்று மயிலாத்தாளுக்குத் தெரியாது.

சுவருக்குப் போனேன். பக்கத்தில் பார்த்தால் வெறும் சுவர். சுண்ணாம்பு பொரிந்து, கீழே கொப்பரைத் தூள் படிந்திருந்தது. களத்தில் மனைக்கற்கள் நட்டிருந்தார்கள். அவள் வண்டி நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்று பார்த்தேன். அப்பாவை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி, ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று ஏன் சொல்லவில்லை?

பதினொன்றரைக்குத் திரும்பினோம். கிணத்துக்கடவு தாண்டும் வரை விஜயா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"அந்த மூணுல ரெண்டாவது சனிக்கிழமை சாயந்திரம் நீங்க என்னப் பொண்ணு பாக்க வந்து எங்க ஊட்ல காப்பி குடிச்சிட்டு இருந்தீங்க."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம் என்றேன்.

"வருத்தமாங்க?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். வருத்தம்தான் என்றேன்.

அவள் சொன்னாள்: "எனக்கு அன்னிக்கு அத்தன சந்தோசமா இருந்துச்சுங்க. அந்த நேரத்துக்கு அங்க அந்தப் புள்ள ரோட்டையே பாத்துட்டு இருந்திருக்கா."