அப்பா சொல்லாத வரி

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வோம். இயேசு தேவகுமாரன் என்று வரும் இடத்தில் அப்பா மட்டும் வாயை மூடிக்கொள்வார். மற்றதையெல்லாம் கணீரென்று சொல்கிற மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா உதட்டையாவது அசைத்துத் தொலைத்தால் என்ன?

அம்மாவுக்கு அது அவமானம். அன்று மத்தியானம் சோறு தட்டில் விழும் சத்தத்திலேயே சண்டை தெரிந்துவிடும். ஒருமுறை அப்பா பொறுமையாகத்தான் சொன்னார்: "கடவுள்னா ஆணி அடிச்சா வலிச்சிருக்குமா? மனுஷன்னாதான் அது பெருசு."

"அப்ப நான் தெனம் யாருகிட்ட முட்டி போட்டு அழுவுறேன்?" என்றாள் அம்மா.

ஆம்பூர் தோல் டேனரியில் அவரோடு வேலை பார்த்த பாய் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, இயேசுவை, அவர்கள் சொல்கிற ஈசாவை, ஒரு நபி என்று அப்பா ஒப்புக்கொண்டதாக நினைத்துச் சந்தோஷமாக வந்தார். நபி என்றும் தான் சொல்லவில்லை என்று அப்பா சொன்னதும் அவரும் பேஜாராகித் தனியாக டீ குடிக்கப் போய்விட்டார். சபையிலோ கதை வேறு மாதிரி முளைத்தது. அப்பா முஸ்லிமாகவே மாறிவிட்டாராம். நாக்கில் நரம்பில்லாத ஜனங்கள்.

போன வருடம் அப்பாவுக்கு முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது அப்பா உயிர் விட்டார். உடல் கூடத்தில் கிடக்க, சபைக் கமிட்டிச் செயலாளரும் போதகரும் வந்து உட்கார்ந்தார்கள். சபைக் கல்லறைத் தோட்டத்தில் தாத்தா பக்கத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடம் இருந்தது. அங்கே அடக்கம் செய்யச் சபையார் சம்மதிக்கவில்லை என்றார் செயலாளர். மதம் மாறின கதையே அவர் வீட்டில் கிளம்பியதுதான். செருப்பைக் கழற்றலாமா என்றிருந்தது எனக்கு. போதகர் ஒரு வழி சொன்னார். கடைசி நேரத்தில் அப்பா இயேசுவைத் தெய்வம் என்று அறிக்கை செய்ததாக அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், மணி அடித்தே அடக்கம் செய்யலாமாம்.

அம்மாவின் கையைக் கிள்ளினேன், சொல்லித் தொலை என்று. பொய்யாவது ஒன்றாவது, மனுஷனை மண்ணில் வைக்க வேண்டாமா?

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இயேசு தெய்வந்தான் ஐயா. இவரு கடைசி வரைக்கும் ஒத்துக்கல. ஜெபம் பண்ணட்டான்னு கேட்டேன். உனக்கு ஆறுதலா இருந்தா பண்ணிக்கோன்னாரு. அவ்ளோதான்."

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். செயலாளர் கிளம்ப எழுந்தார். அம்மா அவரை விடவில்லை. "பக்கத்துல எனக்குன்னு ஒரு எடம் இருக்குதே, அதையும் வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

பாலாற்றோரம் ஊர்ப் பொது இடுகாட்டில் புதைத்தோம். போதகர் வரவில்லை. அப்பா நம்பாத தெய்வத்திடமே அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அம்மாதான் சத்தமாக ஜெபம் பண்ணினாள்.