சாம்சனின் புகைப்பெட்டியும் பூந்தமல்லி வரை 19 கிலோமீட்டரும்

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கார் சைலென்சரில் மாட்டினால் புகை குறையும் என்று ஏதோ விற்கிறார்களே, மாட்டிக்கொண்டு வெளியூர் போகலாமா?" பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. தொண்ணூறுகளின் நடுவில், நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், அப்படி ஒரு பெட்டியோடு அம்பத்தூர் மேனாம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்குப் போனேன். 19 கிலோமீட்டர்தான். அதைவிட நீளமான பயணம் நான் போனதில்லை.

பெட்டியைச் செய்தவன் என் நண்பன் சாம்சன். அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் இருவரும் ஒரே ஷிஃப்ட். இதற்காகவே அவன் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மனைவி டியூஷன் எடுத்துத்தான் வீடு ஓடியது. பூந்தமல்லியில் ஏகாம்பரம் என்பவர் ஆறு பெட்ரோல் வேன்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு வந்து காட்டு, புகை இல்லையென்றால் ஆறு வண்டிக்கும் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். இதுவும் கைவிட்டுப் போனால், நாற்பது வயதில் சாம்சன் வேலை கேட்டு அலைய வேண்டியதுதான்.

கார் என்னுடைய பழைய ஃபியட். ஆயில் குடிக்கும், கரும்புகை கக்கும். சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி ஊரில் கிடையாது. பின் சீட்டுக்கு அடியில் புகைக்குழாயை அறுத்து, உள்ளே கம்பிவலை திணித்த இரும்புப் பெட்டியைச் செருகினான். பெட்டி எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க ஒரு மீட்டர் வேண்டுமாம். அதன் வயரை உள்ளே கொண்டுவர, கார் தரையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டான்.

"என் வண்டிய சல்லடையாக்காதடா!" என்று கத்தினேன்.

"மீட்டர் இல்லாங்காட்டி எவன் நம்புவான் மச்சான்?" என்றான்.

9.10-க்குக் கிளம்பினோம். நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். என் பக்கத்துக் கண்ணாடி மட்டும் எப்போதும்போல மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. சாம்சன் பின் சீட்டில், மடியில் நோட்டு. ஐந்து கிலோமீட்டர் போலப் போகும்போதெல்லாம் நிறுத்தி, குழாயின் வாயில் வெள்ளைத் துணியை அறுபது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். முந்தின நாள் பெட்டி இல்லாமல் பிடித்த துணி, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இருந்தது.

9.35, திருமுல்லைவாயில்: லேசான சாம்பல் நிறம். 10.05, ஆவடி: வெள்ளை. சுத்த வெள்ளை! மழையில் நனைந்துகொண்டே சாம்சன் துணியை என் முகத்துக்கு நேரே ஆட்டினான். எனக்குத் தலை வலித்துக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிடாததுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பூந்தமல்லி சாலையில் திரும்பியதிலிருந்து வண்டி இழுக்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"மீட்டர் எவ்ளோடா காட்டுது?"

"எழுதிட்டேன்... எழுதிட்டேனே..." என்று குழறினான்.

எனக்கு எரிச்சல். இன்றைக்குப் போயா தூங்குவான்? பருத்திப்பட்டு தாண்டியதும் நோட்டு கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

வண்டியை ஓரங்கட்டிப் பின் கதவைத் திறந்தேன். உள்ளிருந்து வந்த நெடியில் குமட்டியது. தரை ஓட்டை மேல் கை வைத்தால் சூடாகக் காற்று அடித்தது. வலை அடைத்துக்கொண்டதால் புகை பின்னால் போக வழியில்லாமல், பெட்டியின் இணைப்பைப் பிளந்துகொண்டு காருக்குள் ஏறியிருக்கிறது. துணி வெளுத்தது அதனால்தான்.

அவனைத் தூக்காத குறையாக எதிரிலிருந்த டீக்கடைக்கு இழுத்துப்போனேன். கடைக்காரர் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, காலைலயே ஊத்திகினு வந்துட்டாரா?"

"குடிக்கலபா. வண்டிப் பொக."

அவர் முகம் மாறியது. "அப்ப உள்ள வேணாம், காத்தாட குந்த வை."

இரண்டு முறை வாந்தி. இருபது நிமிடம் அவன் கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை. அவன் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகாதது மடத்தனம்.

அவன் தேறி எழுந்ததும் நான் சொன்னது இதுதான்: "துணி வெள்ளையா கீது. அத்த மட்டும் காட்டு. மத்தத அப்பால சரி பண்ணிக்கலாம்." அவன் முன் சீட்டில் ஏறிக்கொண்டான். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, நனைந்தபடியே போனோம்.

11.25, பூந்தமல்லி. ஏகாம்பரம் துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பால் மாதிரி கீதே! திங்கக்கெழமையே மாட்டிடு நைனா."

எனக்கு மூச்சு வந்தது.

"மாட்டாதீங்கண்ணே," என்றான் சாம்சன். "பொக வெளிய போவல. வண்டிக்குள்ள வந்துச்சி. நானே மயங்கிட்டேன்."

ஏகாம்பரம் அவனையே பார்த்தார். "நீ சொல்லலன்னா எனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"இன்னிக்கித் தெரிஞ்சிருக்காது."

அவர் துணியை மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார். அதோடு சரி. பெட்டியை அங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் கழற்றிவிட்டுத் திரும்பினோம். இரண்டு மாதம் கழித்துச் சாம்சன் அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு பட்டறையில், பழைய சம்பளத்தில் பாதிக்குச் சேர்ந்தான்.

ஆகவே, கேட்ட வாசகருக்கு: புகைக்குழாயை அறுத்து எதையும் மாட்டாதீர்கள். கார் தரையில் ஓட்டை இருந்தால் முதலில் அடையுங்கள். ஓடும் வண்டியில் தலை வலித்தால் நிறுத்தி எல்லோரும் இறங்குங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பின் சீட்டில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால், தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. இந்தக் கதையைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருவரும் டீக்கடையிலேயே முடிவு செய்ததாகத்தான் எப்போதும் சொல்வேன். சாம்சன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான் சொன்னேன். அவன் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.