முகூர்த்த வேட்டியில் ஒரு கல்வெட்டு

என் அப்பா பூவராகவனைப் பொன்னேரியில் எல்லோருக்கும் தெரியும். ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. நாங்கள் அவரை நைனா என்போம். பூசணி மூட்டை வந்ததா என்று கேட்டு வருகிறவர், அந்தப் பூசணி விளைந்த ஊரை எந்த ராஜா எந்தக் கோயிலுக்கு எழுதிவைத்தான் என்பதையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். அதற்குள் பூசணி பாதி அழுகியிருக்கும்.

தங்கமான மனுஷர். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. "அதுங்க இருந்தாலாவது எங்க கீறார்னு தெரியும்" என்பாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளில் கிளம்பிவிடுவார். எழுத்துள்ள கல் எங்கேயாவது கண்ணில் பட்டால், ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுப்பார். எழுத்து வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் வரும். நைனாவும் கறுப்பாகத்தான் வீடு வருவார். ஆனால் ஒன்று, ஆதாரம் இல்லாமல் ஓர் எழுத்துகூடச் சொல்லமாட்டார். எழுத்து தேய்ந்திருந்தால் "தெரியல" என்பார், அவ்வளவுதான்.

1966இல் மணியம்மாவாகிய எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருமலை, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பம். கல்யாணமும் அவர்கள் வீட்டில்தான். அம்மா முதல் நாளே நைனாவின் பையைச் சோதித்து, காகிதம், பிரஷ், மை எல்லாவற்றையும் எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள்.

ஒளித்து என்ன பயன்? பந்தலுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்ட ஒரு பலகைக் கல் போட்டிருந்தார்கள். கால் கழுவப் போனவர் அந்தக் கல்லின் சேற்றையும் கழுவியிருக்கிறார். எழுத்து தெரிந்துவிட்டது.

புரோகிதர் தாம்பாளத்தைப் பார்த்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மாப்பிள்ளைக்காக நாங்கள் வைத்திருந்த புது வேட்டியைக் காணோம். நைனாவையும் காணோம். தேடிப் போனவர்களுக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. சமையல் அண்டாவின் கரியைக் கஞ்சியில் குழைத்து, வேட்டியை நனைத்துக் கல்மேல் விரித்து, ஒற்றிக்கொண்டிருந்தார் நைனா.

"இன்னும் ரெண்டு வரிதான்" என்றாராம்.

என் மாமியார் அங்காளம்மாள் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னா சம்மந்தி, என் புள்ள இன்னாத்த கட்டிக்கினு தாலி கட்டுவான்? பேஜாரு புடிச்ச மனுசன் ஊட்லயா பொண்ணு எடுத்தோம்!"

என் கணவர், அவருடைய மாமா பரசுராமனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு தாலி கட்டினார். பரசுராமன் குள்ளம். கல்யாணப் போட்டோவில் இன்றைக்கும் மாப்பிள்ளையின் முழங்கால்தான் முதலில் கண்ணில் படும். அம்மா அங்கேயே என் தலையில் கை வைக்கச் சொல்லி, இனி அந்த வாய்க்கால் பக்கம் போவதில்லை என்று நைனாவிடம் சத்தியம் வாங்கினாள்.

பாவம், காப்பாற்றினார். வரும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்து, "வேட்டி இருக்குதா?" என்று மட்டும் கேட்பார். "அன்னிக்கே தொவச்சாச்சு" என்பார் மாமியார். எனக்கும் கோபம் ஆறவில்லை.

ஒன்பது வருஷம் கழித்துத் தொழிற்சாலைகளுக்காக ரோடு போட்டார்கள். பலகைக் கல்லை உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள். யார் சொன்னார்களோ, நைனா பொன்னேரியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சத்தியத்தையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து, ஒவ்வொரு சில்லாக எடுத்துப் பொருத்திப் பார்த்தார். எதுவும் எதோடும் சேரவில்லை.

மாமியார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்த வேட்டியைக் கொண்டுவந்தார். கரி அப்படியே இருந்தது.

"சாமி எழுத்தாச்சே, தண்ணில போட மனசு வர்ல" என்றார்.

நைனா கூடத்தில் விரித்து, மண்டியிட்டுப் படித்தார். எவனோ ஒருவன், தன் மகள் நன்றாக வாழவேண்டும் என்று கோயிலில் விளக்கு வைத்தானாம். மகள் பெயர் வரும் இடம் வேட்டியின் மூலை. மஞ்சள் தடவிய அந்த மூலையில் கரி ஒட்டவே இல்லை.

"பேரு இன்னா சம்மந்தி?" என்றார் மாமியார்.

நைனா என்னைப் பார்த்தார்.

"மணியம்மா" என்றார்.

ஆதாரம் எங்கே நைனா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அழுகை முந்திக்கொண்டது.