என் வாசகர்கள் மாலையோடு வந்த ஞாயிற்றுக்கிழமை

இரண்டாவது நாவலை எழுதி அனுப்பியபோது சென்னைப் பதிப்பாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாவலைப் பற்றித்தான் சொன்னார். அது கட்டுக்கட்டாகக் கிடங்கில் கிடக்கிறதாம். “மேடம், இப்பல்லாம் எழுதினா மட்டும் போதாது. வாசகர்களைத் திரட்டணும். ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிங்க, வாரம் ஒரு அத்தியாயம் போடுங்க. புத்தகம் வேணும்னு நூறு ஆளு பேர் கொடுத்தா மறுநாளே அச்சுக்கு அனுப்பறேன். இல்லேன்னா என்னை விட்டுடுங்க” என்றார்.

நூறு பேர் என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். நான் பெரம்பலூரில் இருபது வருஷமாக இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை என்று பஸ் ஏறிப் போய் நான் பாலிசி போடாத தெரு கிடையாது. ஒரே மத்தியானத்தில் என் போனில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரைக் குழுவில் சேர்த்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுச் செய்கிறவளாக இருந்தால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன்.

முதல் அரை மணி நேரத்தில் முப்பது பேர் விலகினார்கள். பிரீமியம் கேட்கத்தான் குழு என்று பயந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு முதல் அத்தியாயத்தைப் போட்டேன். அதற்குக் கீழே ஆண்டிமடம் முந்திரி வியாபாரி அன்றைய கொட்டை விலையைப் போட்டார். செந்துறைக்காரர் ஒருவர் அரியலூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினொரு பேர் பதில் சொன்னார்கள், பதினொன்றும் வேறு வேறு நேரம். அப்புறம் ஒரு காதுகுத்துப் பத்திரிகை, காணாமல் போன ஓர் ஆட்டின் படம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “இது இலக்கியக் குழு” என்று எழுதுவேன். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். பிறகு மறுபடியும் ஆடு.

எட்டு வாரத்தில் புத்தகத்துக்குப் பேர் கொடுத்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஆறு பேர் என் சொந்தக்காரர்கள். அந்த மாதக் கடைசிதான் கெடு என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

என் கணவர் அந்தப் பத்தொன்பதில் இல்லை. அவர் எங்கள் ஊர்ப் பாலக்கரைப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் எந்த வருஷம் புகைந்தது என்று கேட்டால் சொல்வார். நான் எழுதியதில் ஒரு வரி படித்தது கிடையாது. “நீ எழுது, நான் என்ன வேணாம்னா சொன்னேன்?” என்பார். என்னவோ பெரிய வரம் கொடுத்துவிட்ட தோரணை அதில் இருக்கும்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் கதாநாயகியின் கணவன் செத்துப்போகிறான். கதையை அவளே சொல்வதாக எழுதியிருந்தேன். “நேற்று மாலை ஐந்து மணிக்கு என் கணவர் காலமானார்” என்று அத்தியாயம் ஆரம்பிக்கும். எந்த அலங்காரமும் இல்லாத வரி. அதற்காக நான்கு நாள் உழைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அதைக் குழுவில் போட்டுவிட்டு, பெருமையாகக் கோழிக்கறிக்கு மசாலா அரைக்கப் போனேன்.

வாட்ஸ்அப்பில் நீளமான செய்தியைப் போட்டால் மேலே நாலு வரிதான் தெரியும். மீதியைப் பார்க்க ‘மேலும் படிக்க’ என்பதைத் தொட வேண்டும். என் குழுவில் அதைத் தொட்டவர் யாரும் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஞாயிறு காலையில் போனைப் பார்த்தால் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எண்பது பேர் எழுதியிருந்தார்கள். ‘அண்ணன் ஆன்மா சாந்தியடையட்டும்’, ‘தைரியமா இருங்க மேடம்’ என்றெல்லாம் வந்திருந்தது. நான் உருகிப்போய்விட்டேன். ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு இரங்கல் சொல்லும் அளவுக்கு என் எழுத்தில் உயிர் இருக்கிறதே என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீரே வந்தது. கணவரிடம் நீட்டி, “பாருங்க, எப்படி ரசிச்சிருக்காங்க” என்றேன். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். “நல்லது” என்றார்.

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி கேட்டால் போன் போட்டு நிஜமா என்று விசாரிக்கும் வழக்கம் கிடையாது. கிளம்பி வந்துவிடுவார்கள். எட்டரை மணிக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வேன் எங்கள் தெருமுனையில் நின்றது. அதிலிருந்து இறங்கிய அம்மாள் அங்கிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, “என் மவராசா, போயிட்டீங்களா” என்று பாடிக்கொண்டே வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர், கையில் ரோஜா மாலைகள். நான் சமையலறையில் இருந்தேன். என் கணவர் லுங்கியோடு வாசலுக்கு ஓடிப்போய், தெருவில் யாருக்கோ ஆகிவிட்டது என்று நினைத்து, மிகுந்த வருத்தத்துடன் கேட்டார்:

“யாரும்மா தவறிட்டாங்க?”

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பாட்டு பாதியில் நின்றது.

“நீங்கதாங்க” என்றார் பின்னால் வந்தவர்.

அதற்குள் இன்னும் இரண்டு ஆட்டோவில் ஆள் வந்துவிட்டது. செந்துறையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் பாலிசிதாரர், பாவம், தங்கமான மனுஷன். என் வாட்ஸ்அப் முகப்புப் படத்திலிருந்து கணவரை மட்டும் வெட்டியெடுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஓர் அட்டை செய்து மூன்று தாலுகாவுக்கும் அனுப்பியிருந்தார். வந்தவர் ஒருவரின் போனில் கணவர் அதைப் பார்த்து, “போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு” என்றார்.

நான் தொண்டை வறள விளக்கினேன். கதை, நாவல், கற்பனை. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும் விடாமல், “ஊருக்கெல்லாம் பாலிசி போட்டு விட்டியே, உன் வூட்டுக்காரருக்குப் போட்டிருக்கியாம்மா?” என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

வந்தவர்களுக்குக் கிளம்புவதுதான் பெரிய சங்கடம். சாவு வீட்டில் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. சாவாத வீட்டில் சொல்லாமல் போகக் கூடாது. வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பாதிப் பேர் சொன்னார்கள், பாதிப் பேர் சொல்லவில்லை. மாலைகளைத் திருப்பி எடுத்துப்போகவும் மனம் வராமல் எங்கள் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பத்து மணிக்கு அரியலூரிலிருந்து அண்ணி வந்துவிட்டார். என் கணவரின் அக்கா. அட்டை அவருக்கும் போயிருந்தது. தம்பியைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து அழுது முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கழுத்துல தாலியப் போட்டுக்கிட்டு எழுதுற எழுத்தா இது? கதையில கொல்றதுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?”

“அண்ணி, அது இவரு இல்ல.”

“இவன் இல்லேன்னா ஊரு ஏன் மாலையோட வருது? இந்தப் புத்தகம் வரக் கூடாது. டேய், நீ சொல்லு. வேணாம்னு சொல்லு.”

என் கணவர் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன் என்று அண்ணிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மூன்று வருஷம் எழுதிய நாவல். அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

“படிச்சிட்டுச் சொல்றேன்க்கா” என்றார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லிக் கேட்டிராத வார்த்தை அது.

அன்றைக்கே முழு நாவலையும் அவர் போனுக்கு அனுப்பினேன். இதற்கிடையில் குழுவில் ஓர் அதிசயம் நடந்தது. மெனக்கெட்டுத் துக்கத்துக்கு வந்துவிட்டுப் போனவர்களுக்கு, அந்த ஆள் எப்படித்தான் செத்தான் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ‘மேலும் படிக்க’ என்பதைத் தொட்டார்கள். ‘மாரடைப்புன்னு முன்னாடியே தெரியும்’ என்று ஒருவர் எழுதினார். ‘அந்தக் கொழுந்தன் மேலதான் எனக்குச் சந்தேகம்’ என்றார் முந்திரி வியாபாரி. ஒப்பாரி வைத்த அம்மாள், மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டதாகக் குரல் பதிவு அனுப்பினார். ஐந்தாம் நாள் புத்தகத்துக்குப் பேர் கொடுத்தவர்கள் நூறைத் தாண்டிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷப்படத் துணிச்சல் இல்லை. வீட்டில் ஒரே ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். கடையில் செம்புக் கம்பியைச் சுற்றும் கையை நிறுத்திவிட்டுப் படிக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

ஆறாம் நாள் சாயங்காலம், கடைக்கு வா என்று போன் செய்தார். போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“முடிச்சிட்டேன்” என்றார். “அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். புத்தகம் வரட்டும்.”

எனக்கு உயிர் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். போனில் தேடி, விரலால் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஒம்பதாவது அத்தியாயக் கடைசியில, புருசன் செத்து இருவது நாள் கழிச்சு அந்தப் பொண்ணு சேர்ல உக்காந்து டீ குடிக்குது. கல்யாணம் ஆனதுலேர்ந்து அன்னிக்குத்தான் சூடா குடிக்குதுன்னு எழுதியிருக்க.”

“கதைங்க அது.”

“கதைதான்” என்றார். “நீ ஒரு டீயச் சூடா குடிக்கிறதுக்கு நான் சாகணுமா?”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இருநூற்றைம்பது பக்கத்தில் இதுவா கிடைத்தது என்று. அப்புறம் அழுதேன். நூறு பேர் படித்தும் ஒருவர்கூடக் கண்டுபிடிக்காத இடத்தைச் சரியாகப் பிடித்திருந்தார். அந்தக் கேள்விக்கான பதிலை நான் நாவல் முழுக்க எழுதியிருந்தேன், வாயால் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவர் ஓர் இடத்திலும் குறுக்கே பேசவில்லை.