பிஸ்டன் பின்வாங்கிய மதியம்

நாலு மணிக்கு அரியலூர்ப் பள்ளிக்கூட வாசலில் ஏழு பிள்ளைகள் என் வேனுக்காக நிற்கும். காலையில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பிரேக்கை மிதித்தபோதெல்லாம் முன்சக்கரங்கள் இரும்பை இரும்பால் அறுப்பதுபோல் கத்தின. மெக்கானிக், "வுட்டுட்டுப் போங்கக்கா, நாளைக்கு மதியம் பாக்கலாம்" என்றார். நாளைக்கா? சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை அது. புது பிரேக் பேடுகளை வாங்கிக்கொண்டு இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து கீழப்பழுவூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

என் கணவர் துபாயில் ஒரு கராஜில் மெக்கானிக். இங்கே இரண்டு மணி என்றால் அங்கே சாப்பாட்டு வேளை. மிஸ்டு கால் கொடுத்தேன். உடனே கூப்பிட்டார்.

"ஜாக்கிய மட்டும் நம்பாத. அடியில கல்லு வச்சியா?"

"வச்சுட்டேங்க."

"ரெண்டு கையும் சும்மா இருக்கா?"

"இருக்குங்க."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். சக்கரத்தைக் கழற்றினால், அதோடு சேர்ந்து சுற்றும் டிஸ்க் தட்டு. அதைக் கவ்வியபடி காலிப்பர். அதன் வயிற்றுக்குள் ஒரு பிஸ்டன். டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பேடு தேயத் தேய அது முன்னால் வந்துகொண்டே இருக்குமாம். புதுப் பேடு தடிமன். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினால்தான் அதற்கு இடம். எதிர்வீட்டுத் தச்சர் மரத்தை இறுக்கிப் பிடிக்க வைத்திருந்த கிளாம்பை வாங்கி மாட்டித் திருகினேன். கல் மாதிரி நின்றது. சுற்றிலும் வெள்ளைப் புழுதி, எங்கள் சாலையின் புழுதி, பல்லில் காரைபோல் படிந்திருந்தது.

"அசையலைங்க."

"முரட்டுத்தனம் காட்டாத. புழுதியத் தொடச்சுட்டு, பழைய பேடை முன்னால வச்சு, நேரா, கால் சுத்து சுத்து. நிறுத்து. கோணலாப் போனா உள்ள இருக்குற ரப்பர் கிழிஞ்சு ஆயில் ஒழுகிடும். அப்புறம் வண்டி நிக்காது."

கால் சுற்று. நிறுத்தம். கால் சுற்று. வெயில் கழுத்தில் ஊர்ந்தது. பிறகு, ஒரு மயிரிழை, பிஸ்டன் பின்வாங்கியது. மகிழ்ந்து இன்னும் திருகினேன். மேலே பிரேக் ஆயில் டப்பா பொங்கிக் கீழே சொட்டியது.

"வழியுதுங்க!"

"ஏன் வழியுது? நீ ஊத்துனியா?"

"குறைஞ்சிருந்துச்சு. ஊத்துனேன்."

"எத்தன தடவ?"

"மூணு."



"பேடு தேஞ்சு பிஸ்டன் முன்னால வந்தா, அதுக்குப் பின்னால ஆயில் எறங்கும், அதான் புள்ள டப்பாவுல குறையும். குறையட்டும்னு வுட்டிருந்தா போன மாசமே தெரிஞ்சிருக்கும். அது என்ன உப்பு ஜாடியா, எப்பவும் நெறஞ்சிருக்க?"

உப்பு ஜாடியிலும் அரிசிப் பானையிலும் அடி தெரியக் கூடாது என்று பழகிய கை என்னுடையது. குறைவைக் கண்டால் நிரப்பிவிடும். வண்டி மூன்று முறை சொல்லியிருக்கிறது. மூன்று முறையும் அதன் வாயை அடைத்திருக்கிறேன். அந்த ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு.

மருந்து சிரிஞ்சால் கூடுதல் ஆயிலை உறிஞ்சியெடுத்தேன். புதுப் பேடுகளை மாட்டி ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். சக்கரங்களைப் பூட்டும்போது மணி மூன்று.

"முடிஞ்சுதா? இப்பதான் முக்கியமான ஒன்னு..." என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இரு, போர்மேன் வர்றான்."

அழைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன், போனை அணைத்து வைத்திருந்தார்.

எது முக்கியம்? ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். பெடல் சேற்றில் இறங்குவதுபோல் தரை வரை போனது. ரப்பரைக் கிழித்துவிட்டேனா? கோபத்தில் மறுபடி மிதித்தேன். மறுபடி. ஐந்தாவது மிதியில் பெடல் என் காலை எதிர்த்தது. பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் முன்னால் வந்து பேடைத் தொடும்வரை காலுக்குப் பிடிமானம் கிடைக்காது என்று அப்போதுதான் உறைத்தது. குனிந்து பார்த்தேன், ஆயில் கசிவு இல்லை. டப்பாவிலும் அளவு சரியாக இருந்தது. தெருவில் பத்தடி ஓட்டி மிதித்தேன். நின்றது. இன்னும் வேகமாக. நின்றது.

நாலு மணிக்குப் பிள்ளைகள் ஏறினார்கள். மெதுவாகத்தான் ஓட்டினேன்.

"அத்தை, சைக்கிளு நம்மளத் தாண்டிப் போவுது!"

"அத்தைக்கு இன்னைக்குத்தான்டா லைசென்ஸ் குடுத்திருக்காங்க!"

முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரியின் சிவப்பு விளக்குகள் திடீரென்று எரிந்தன. மிதித்தேன். ஏழு பேரும் முன்னால் சாய்ந்து சிரித்தார்கள். லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் அளவு இடம் இருந்தது. இருக்கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கடைசிப் பிள்ளை தன் வீட்டு வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் எடுத்தேன்.

"வண்டிய எடுத்துட்டியா?" குரல் உடைந்திருந்தது.

"ஏழு பேரும் வூட்டுக்குப் போயிட்டாங்க."

பின்னால் ஏதோ கம்ப்ரசர் இரைந்தது.

"கெளம்புறதுக்கு முன்னாடி மிதிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க."