வெர்னா பார்க்காத பனி

ஹோபார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு அறையில் ஸ்காலப் பை என்ற, சிப்பிக்கறி அடைத்த அப்பத்தைத் தின்றுகொண்டிருந்த பெண்மணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த ஊரு?”

“ஹியூவான் பக்கம். ஆப்பிள் தோட்டம். எங்க வீட்டுல பட்டம் வாங்கின மொத ஆளு.”

“ஹியூவானா? அப்ப இன்னொரு தலைய எங்க வச்சுட்டு வந்த?”

ஊர்ப்புறத்தானுக்கு இரண்டு தலை என்பது இங்கே பழைய கேலி; கண்டால் எல்லோரும் கேட்பதுதான். “அது வீட்டுல மாட்டப் பாத்துக்குது” என்றேன். அந்தப் பெண்மணி, வெர்னா கிளென்னெட், அப்பத்தில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

அண்டார்டிகா போகும் கப்பல்களுக்குக் கடல்பனி வரைபடம் போடுபவர் அவர். கடலும் பனியும் தாமாக விடும் நுண்ணலைகளை, மேகமானாலும் இருட்டானாலும், செயற்கைக்கோள் வாங்கி அனுப்பும். திரையில் பனி வெளிச்சம், தண்ணீர் கறுப்பு. இருபத்தாறு வருடம் அதையே பார்த்தவர், ஒருமுறையும் தெற்கே போனதில்லை. கரையிலிருந்தே செய்கிற வேலைக்குக் கப்பலில் எதற்கு இடம்?

“பனி உடையறப்ப என்ன சத்தம் வரும்னு ஒரே ஒரு தடவ கேக்கணும்டா. இந்தத் திரை சுத்த ஊமை” என்பார்.

போன ஜனவரியில் கப்பலில் இடம் கிடைத்தது. பயணப் பெட்டியை மேசைக்கடியில் கொண்டுவந்தே வைத்துவிட்டார். ஒரே நிபந்தனை: அண்டார்டிகா ஆய்வு நிலையத்துக்கு முன்னால் கடல் திறந்திருக்க வேண்டும். பனி அடைத்திருந்தால், கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கிப்போக ஹெலிகாப்டர்களும் அவற்றின் ஆட்களும் ஏறுவார்கள். உபரி ஆட்கள் இறங்க வேண்டும்.

கப்பல் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் திரையில் நிலையத்தருகே இருந்த கட்டங்கள் கறுத்திருந்தன. கப்பலின் கேப்டன் ரட்ஜ் தொலைபேசியில் மகிழ்ச்சியில் குதித்தார். “தண்ணி! வா வெர்னா, ஏறு!”

வெர்னா நான்கு நாள் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பனியைத் தள்ளிக் கடலைத் திறக்கக் காற்றே இல்லை. கறுப்பின் ஓரம் ஒரு கட்டம்கூட நகரவில்லை. நிலையத்திலோ நான்கு நாளாக வெயில்.

“இது கடல் இல்ல. பனிமேல உருகி நிக்கிற குட்டை. செயற்கைக்கோளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“சந்தேகந்தானே? ‘திறந்த நீர்’னே போடுங்க” என்றேன். “யாரு கேக்கப்போறா?”

“பனியில மோதுற கப்பல் கேக்கும்.”

பனி என்றே எழுதினார். ரட்ஜ் அரை மணி நேரம் கத்தினார், பிறகு ஹெலிகாப்டர்களை ஏற்றினார். வெர்னா பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கப்பல் புறப்பட்டபோது துறைக்கு வரவில்லை. என்னைத்தான் கையாட்டச் சொன்னார்.

இரண்டு வாரத்தில் ரட்ஜ் படம் அனுப்பினார்: கண்ணுக்கெட்டிய மட்டும் பனி, மேலெல்லாம் நீலக் குட்டைகள். “நீ சொன்னது சரி, பாவி” என்று கீழே ஒரு வரி. வெர்னா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

வெர்னாவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. காலை ஏழு மணிக்கு எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறார். அடுத்த பயணத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்; காத்திருப்போர் பட்டியலில் பதினோராவது ஆள்.