உடைத்துப் பார்த்த கற்கள்

உடையார்கட்டுப் பக்கம் வீட்டுத்திட்ட வேலைகள் நடந்தபோது நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். அத்திவாரத்தின் ஆழம், கம்பியின் தடிப்பு, சீமெந்துக் கல்லின் பலம் எல்லாம் சரியென்று நான் ஒப்பமிட்டால்தான் அடுத்த கட்ட வேலை தொடங்கலாம்.

அந்த ஊரில் ஒரு அக்கா அச்சில் சீமெந்துக் கல் அரிந்து விற்றார். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். அவர் பேச்சில் இரண்டு இடமும் கலந்திருக்கும். முன்பு கணவரும் அவரும் சேர்ந்துதான் சாந்து குழைத்தார்கள். கணவருக்குச் சிறுநீரக வருத்தம் வந்தபிறகு அக்கா தனியாகவே செய்தார். ஒவ்வொரு வரிசையின் ஓரக் கல்லிலும் அரிந்த திகதியைக் கரியால் எழுதி வைப்பார்.

ஒருநாள், றோட்டுக்குக் கிட்ட இருந்த வரிசையில் மூன்று கல் எடுத்து வவுனியாவிலிருந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். மூன்றும் தேவையான அளவுக்குக் கீழே வந்தன. சொல்லப் போனபோது அவர் புதுக் கற்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, கல் பாஸாகேல்ல.”

குழாயைக் கீழே வைத்தார். “எப்படி மிஸ் பாத்தாங்க?”

“மெசினில வைச்சு அமத்துவினம். உடையிறவரைக்கும்.”

“நான் அதைப் பாக்கலாமா?”

அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை. பார்க்கலாம் என்றோ கூடாது என்றோ ஒரு விதியும் எனக்குத் தெரிந்து இருக்கவில்லை. ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்தேன். கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

குறித்த நாளில் அவர் அதே வரிசையிலிருந்து இன்னும் மூன்று கல்லை இரண்டு சீமெந்துப் பைகளில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டார். பரந்தனில் இறங்கி வவுனியா பஸ்ஸில் ஏறும்போது ஒரு பையை நான் தூக்கினேன். நல்ல பாரம்.

ஆய்வுகூடத்தில் முதல் கல்லை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்தார்கள். மெசினின் அளவுமுள் மெல்ல ஏறியது. பிறகு தொம்மென்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. கல்லின் இரண்டு பக்கமும் சரிந்து விழுந்தது. அவர் ஒரு துண்டை எடுத்துப் பெருவிரலால் தேய்த்தார். அது மாவாக உதிர்ந்தது.

“இது அவரை ஆஸ்பத்திரியில வச்சிருந்த கிழமை அரிஞ்சது மிஸ். நாலு நாள் தண்ணி விட ஆளில்ல.”

மன்னிப்புக் கேட்கும் குரலிலோ இரக்கம் தேடும் குரலிலோ அவர் அதைச் சொல்லவில்லை. என் படிவத்தில் திகதி, நீள அகலம், நிறை எல்லாவற்றுக்கும் எழுதி நிரப்பக் கூடு இருந்தது. காரணத்துக்கு இல்லை. ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. முதல் ஒரு கிழமைத் தண்ணீர்தான் கல்லுக்குப் பலம் என்றேன்.

“தெரியும் மிஸ்,” என்றார்.

திரும்பும் வழியில் பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடித்தோம். அப்போது கேட்டார்: “லொறியில வாற கல்லையும் இப்படி உடைச்சுப் பாக்கிறீங்களா?”

“இல்லை அக்கா. அது கொம்பனிக் கல், அவையளிட்டை சேட்டிபிக்கற் இருக்கு.”

“அது எந்தக் கல்லை உடைச்சுக் குடுத்ததாம்?”

“தெரியாது,” என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. அந்தத் தாளில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அவ்வளவு நாளும் ஒப்பமிட்டிருந்தேன்.

அடுத்த கிழமை லொறியில் வந்து இறங்கிய அடுக்கிலிருந்து மூன்று கல் எடுத்து அனுப்பினேன். இரண்டு தேறின, ஒன்று தேறவில்லை. விதிப்படி சராசரியைத்தான் பார்க்கவேண்டும். சராசரி சரியாக இருந்தது. ஒப்பமிட்டேன். வேலை இரண்டு கிழமை பிந்தியதற்கு மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கினேன். ஆனாலும் அந்த ஊரில் இருந்தவரை ஒவ்வொரு லொறிக் கல்லிலும் எடுத்து அனுப்பினேன்.

அக்காவின் அடுத்த கற்கள் தேறின. மூன்றும் ஏறக்குறைய ஒரே பலம். ஆனால் அதற்குள் பெரும்பாலான வீடுகளுக்கு லொறிக் கல்லால் சுவர் எழும்பிவிட்டது. அவருக்குக் கிடைத்தது ஒரு வீட்டுக் குசினியும் ஒரு மலசலகூடமும்தான்.

தேறாத வரிசையை என்ன செய்யப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்பது என் வேலையுமில்லை. ஒருநாள் நான் அங்கே நிற்கும்போது மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து, மதில் கட்ட அதைத் தரச்சொல்லிக் கேட்டார். “வீட்டுக்கில்லைத்தானே, மதிலுக்கு எது எண்டாலும் காணும்,” என்றார்.

“மதில் பக்கத்திலயும் ஆக்கள் நிப்பாங்கதானே,” என்று அக்கா சொன்னார். வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். பிறகு அக்கா அந்தக் கற்களை உடைத்து, மழைக்குத் தண்ணீர் தேங்கும் தன் வாசல் படலையடியில் பரப்பியிருந்தார்.

எனக்கு இடமாற்றம் வந்த கிழமை, தேறிய அறிக்கையின் பிரதியைக் கொடுக்கப் போனேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுல நம்ம கல்லு எவ்வளவு தாங்கும்னு எங்க போட்டிருக்கு மிஸ்?”

காட்டினேன். அந்த இலக்கத்துக்குக் கீழே கோடு போட்டுத் தரச் சொன்னார். பேனையால் போட்டுக் கொடுத்தேன். தாளை மடிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து மணலை அரிக்கத் தொடங்கினார்.